சைலன்சரை நசுக்கினால் போதுமா?

மோட்டார் சைக்கிளின் சைலன்சரைக் கழற்றி எறிந்துவிட்டு, வெடிச்சத்தம் போடும் குழாயை மாட்டிக்கொண்டு பறக்கும் மோகம் மும்பை வாலிபர்களைப் பிடித்து ஆட்டுகிறது. முலுண்டும் இதற்கு விலக்கு அல்ல. இரவு 11 மணிக்கு மேல் எல்.பி.எஸ். ரோட்டில் இப்படி ஒரு வண்டி போனால், நாலு சந்துகளில் தூக்கம் கலைகிறது.

போலீசார் பிடிக்கிறார்கள், அபராதம் போடுகிறார்கள். புனே, நாக்பூர் போன்ற நகரங்களில் பறிமுதல் செய்த சைலன்சர்களை ரோட்டில் வரிசையாக அடுக்கி, ரோடு ரோலர் ஏற்றி நசுக்கிய படங்களைப் பத்திரிகைகளில் பார்த்திருக்கிறோம். ஆனால் மறுவாரமே அதே சத்தம் கேட்கிறது. காரணம் என்ன? நசுங்கியது குழாய்தான். அதை விற்ற கடை அப்படியே இருக்கிறது.

வண்டியின் மூச்சு

என்ஜினும் நம்மைப் போல மூச்சு விடுகிறது. ஏர் பில்டர் வழியாகக் காற்றை இழுக்கிறது. சைலன்சர் வழியாகப் புகையை வெளியே விடுகிறது. இந்த இரண்டையும் ஒன்றுக்கொன்று பொருத்தமாகக் கணக்கிட்டுத்தான் கம்பெனியில் செய்கிறார்கள்.

பையன்கள் செய்வது என்ன? பில்டர் பெட்டியை எடுத்துவிட்டுத் திறந்த கூம்பு பில்டரை மாட்டுகிறார்கள். காற்று அதிகமாகப் போகிறது. பெட்ரோல் பழைய அளவுதான். என்ஜின் சூடேறுகிறது. கார்புரேட்டர் வண்டியானால் ஜெட்டை மாற்ற வேண்டும். பியூயல் இன்ஜெக்சன் வண்டியில் கம்ப்யூட்டர் ஓரளவுதான் சரிக்கட்டும். மட்டமான பில்டரானால் தூசியும் உள்ளே போய் பிஸ்டன் ரிங்கைத் தேய்க்கும். கட்டிட வேலைத் தூசி பறக்கும் மும்பையில் இது எத்தனை நாள் தாங்கும்?

பழைய ஆர்.எக்ஸ். 100 போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் இன்னும் வேடிக்கை. அவற்றின் சைலன்சரிலிருந்து திரும்பி வரும் அலைதான், வெளியே ஓடப் பார்க்கும் பெட்ரோல் கலவையை மீண்டும் உள்ளே தள்ளுகிறது. அந்தக் குழாயை வெட்டினால் சத்தம் கூடும், இழுவை குறையும்! 2020-ம் ஆண்டுக்குப் பின் வந்த பி.எஸ்.6 வண்டிகளில், நச்சுப் புகையைக் குறைக்கும் கருவியும் புகைக்குழாயில்தான் இருக்கிறது. குழாயோடு அதுவும் போய்விடுகிறது.

சத்தத்தைக் கேட்டு வேகம் என்று நினைப்பது வெறும் மயக்கமே.

சட்டம் சொல்வது

175 சி.சி.க்கு மேற்பட்ட இரு சக்கர வண்டி கம்பெனியிலிருந்து வரும்போது 80 டெசிபலுக்கு மேல் சத்தம் போடக் கூடாது என்பது விதி. 10 டெசிபல் கூடினாலே ஒலியின் ஆற்றல் 10 மடங்கு ஆகிவிடும். குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணிக்கு மேல் இருக்க வேண்டிய அளவோ 45 டெசிபல்தான். ஆஸ்பத்திரியில் கிடக்கும் நோயாளியும், ரெயில்வேயில் டூட்டி பார்க்கும் என்னைப் போன்றவர்களும், மில்லிலும் ஓட்டலிலும் உழைத்துவிட்டு வந்து படுக்கிறவர்களும் தூங்க வேண்டாமா?

2019-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம், ஒலி, புகை விதியை மீறும் வண்டியை ஓட்டினால் ரூ.10 ஆயிரம் வரை அபராதமோ, 3 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ என்று வகுத்தது. அனுமதி இல்லாமல் வண்டியை மாற்றி அமைத்த சொந்தக்காரருக்குத் தனித் தண்டனையும் வைத்தது. கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று, கேரளத்திலிருந்து வந்த வழக்கில் சுப்ரீம் கோர்ட்டும் அதே ஆண்டில் தீர்ப்பளித்தது.

இவ்வளவும் ஓட்டுகிறவன் தலையில் விழுகிறது. அவன் யார்? கடனில் வண்டி வாங்கி, வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் நம் சால் பையனாகவும் இருக்கலாம். குழாய்க்கு ஒரு மாதச் சம்பளம், அபராதத்துக்கு இன்னொரு மாதச் சம்பளம். விபத்து நேர்ந்தால், மாற்றி அமைத்த வண்டி என்று இன்சூரன்சிலும் தகராறு வரும். "பந்தயத்துக்கு மட்டும்" என்று ஒரு சீட்டை ஒட்டி அந்தக் குழாயை விற்றவரோ நிம்மதியாகத் தூங்குகிறார்.

திறமைக்கு இடம் உண்டு

என்ஜினைப் பிரித்துப் பூட்டும் கைத்திறனை நாம் குறை கூறவில்லை. சென்னையை அடுத்த சோழவரத்தில், பழைய விமான ஓடுதளத்தில் மோட்டார் பந்தயம் நடந்த காலத்திலிருந்தே தமிழ்நாட்டு மெக்கானிக்குகள் இதில் பேர் வாங்கியவர்கள். இன்றும் இருங்காட்டுக்கோட்டையிலும் கோவையிலும் பந்தயப் பாதைகள் இருக்கின்றன. காற்றுக் குழாயையும் புகைக் குழாயையும் மாற்றி வேகத்தைக் கூட்டும் வித்தைக்கு அதுவே களம், எல்.பி.எஸ். ரோடு அல்ல. கையில் வித்தை உள்ள பையனை ஐ.டி.ஐ.யில் சேர்த்து மோட்டார் மெக்கானிக் ஆக்குவது பெற்றோர் கடமை.

அரசு செய்ய வேண்டியவை இரண்டு. பிடிபட்ட வண்டியில் கம்பெனி சைலன்சரை மாட்டிய பிறகே வண்டியைத் திருப்பித் தரட்டும். குழாய் எந்தக் கடையில் வாங்கியது, யார் மாட்டியது என்று கேட்டு எழுதி, அந்தக் கடை மீதும் நடவடிக்கை எடுக்கட்டும். அதற்குச் சட்டம் போதாது என்றால் சட்டத்தைத் திருத்தட்டும்.

விற்கிறவரை விட்டுவிட்டு மாட்டுகிறவனை மட்டும் பிடித்தால், ரோடு ரோலருக்குத்தான் வேலை ஓயாது. போக்குவரத்துத் துறை கவனிக்குமா?