மழை இரவுக்கு மாட்டிறைச்சி ஆணம்

ஐப்பசி, கார்த்திகையில் பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறிவிட்டால், நம் கரையிலிருந்து படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. அடுப்படியில் மீனுக்கும் வழியில்லை. அவ்விரவுகளுக்கு உரியது மாட்டிறைச்சி ஆணம்.

"எவ்வளவு வேகவைத்தாலும் ரப்பராக இருக்கிறது, வீட்டுப் பெரியவர்களால் மெல்ல முடியவில்லை" என்று குறைப்படுவோர் உண்டு. பெரும்பாலும் குறை கறியில் இல்லை, நம் அவசரத்தில் இருக்கிறது. சவ்வு மிகுந்த கால்கறியையே கேட்டு வாங்குங்கள். அச்சவ்வு சிறுதீயில் நேரம் செல்லச் செல்ல இளகிக் கரைந்து, ஆணத்தைக் கெட்டியாக்கும். தளதளவென்று கொதிக்கவிட்டால் சதை இறுகிவிடும்.

1 கிலோ கறியில் இஞ்சி பூண்டு விழுது, மஞ்சள், மிளகாய்த்தூள், மல்லித்தூள், உப்புப் பிசறி அரை மணி நேரம் வையுங்கள். பிஸ்மி சொல்லி அடுப்பை மூட்டி, எண்ணெயில் பட்டை, கிராம்பு, ஏலம், ரம்பை இலை தாளித்து, 4 வெங்காயம் வதக்கி, கறியைப் போட்டுச் சுடுநீர் ஊற்றி மூடுங்கள். இரண்டரை மணி நேரமாவது பொறுக்க வேண்டும். குக்கர் நேரத்தைச் சுருக்கும், மறுப்பதற்கில்லை. சட்டியில் வெந்ததன் சுவை வேறு. கறி மெத்தென்றானதும் உருளைக்கிழங்கு சேர்த்து, அது வெந்தபின் அரைமூடித் தேங்காயின் கெட்டிப்பால் ஊற்றுங்கள். அதன்பின் கொதித்தால் பால் திரிந்துவிடும்.

இடியாப்பத்துடன் முதல் அகப்பையைப் பெரியவர்களுக்கு வையுங்கள். மீந்ததை இரவெல்லாம் அடுப்பின்மேல் விடாது, குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். காலை ஆப்பத்திற்கு அது இன்னும் நன்றாக இருக்கும்.