ஒரே ஒரு விமானமும் அதன் இருக்கையும்

"பதுங்கு குழிக்குள் கிடந்து எழும்பி வந்த மனிதர் நீர். இந்த வயதில் இருந்து போர் விமானத்துக்கு வர்ணம் பூசுகிறீராமே?"

பழைய பத்திரிகை நண்பர் ஒருவர் அண்மையில் தொலைபேசியில் இப்படிக் கேட்டார். கேலியாகத்தான் கேட்டார். ஆனாலும் அந்தக் கேள்வி சில நாட்களாக என்னை விடவில்லை. யாழ்ப்பாணத்தில் வானத்து இரைச்சலை வைத்தே பொம்மரா, சகடையா, கிபிரா என்று சொல்லக்கூடிய சிறுவர்கள் வளர்ந்த காலத்தில் நான் செய்தி எழுதிக்கொண்டிருந்தவன். அப்படிப்பட்டவன் மேசை விளக்கின் கீழ் உருப்பெருக்கிக் கண்ணாடியும் கையுமாக விமானம் ஒட்டிக்கொண்டிருப்பது பார்ப்பவருக்கு விசித்திரமாகத்தான் இருக்கும். எனவே அவருக்குச் சொன்ன பதிலை வாசகர்களுக்கும் எழுதி வைக்கிறேன்.

மாதிரியுரு கட்டுபவர்களிற் பெரும்பாலானோர் ஸ்பிட்ஃபயரையோ மஸ்டாங்கையோதான் கட்டுகிறார்கள். வென்ற விமானங்கள் அவை. விமானியறைக்குக் கீழே, வீழ்த்திய எதிரி விமானங்களின் எண்ணிக்கையைக் காட்டும் சிறு சின்னங்களையும் ஒட்டிவிடலாம். எனக்கு அவற்றில் நாட்டமில்லை. நான் கட்டுவது மார்ட்டின்-பேக்கர் எம்.பி.3 என்ற விமானம். 1942ஆம் ஆண்டு பிரித்தானியாவில் ஒன்றே ஒன்று பறந்தது. எந்தப் போர்முனைக்கும் அது போகவில்லை.

இதற்குப் பெருங்கம்பனிகளின் பெட்டி கிடைக்காது. கனடாவிலுள்ள என் மருமகன் தேடிப்பிடித்து அனுப்பியது, சிறு பட்டறையொன்றில் ரெசினில் வார்த்த தொகுதி. 72இல் ஒரு பங்கு அளவு. மெய்யான விமானத்தின் சிறகுகள் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை 10.67 மீற்றர், என் மேசையில் அது 15 சென்ரிமீற்றருக்கும் சற்றுக் குறைவு. இடது சிறகு வாழைமடல் போல வளைந்து வந்திருந்தது. சுடுநீரில் அமிழ்த்தி, இளகியதும் கண்ணாடித் தட்டில் வைத்து நிமிர்த்தினேன். சாதாரண பிளாஸ்டிக் பசை ரெசினிற் பிடிக்காது. சுப்பர் குளூதான் வேண்டும். ஒட்டியது ஒட்டியதுதான், திருத்துவதற்கு அவகாசமில்லை. தேய்க்கும்போது வரும் தூசு நுரையீரலுக்குக் கேடு என்பதால் நீர் தொட்டு, முகமூடி அணிந்து தேய்க்கவேண்டும். என் மனைவி இதற்காகப் பின் விறாந்தையை ஒதுக்கித் தந்திருக்கிறார்.

வர்ணம் இன்னொரு சிக்கல். பிரித்தானியாவின் பரீட்சார்த்த விமானங்களுக்கு அடிப்புறம் மஞ்சள் பூசுவது அக்கால விதி. ஆனால் பழைய கறுப்பு வெள்ளைப் படச்சுருள்களிற் சில மஞ்சளை இருட்டாகக் காட்டும். படத்தை நம்பினால் வர்ணம் பிழைத்துவிடும். படத்தை விதியோடு ஒப்புநோக்கவேண்டும். பத்திரிகைக்காரனுக்கு இது பழகிய வேலை.

விமானத்தின் கதைக்கு வருகிறேன். வட அயர்லாந்துக்காரரான ஜேம்ஸ் மார்ட்டின் வடிவமைப்பாளர். அவருடைய பங்காளி கப்டன் வலன்டைன் பேக்கர் விமானி. முதலாம் உலக மகாயுத்தத்தில் கழுத்தில் பாய்ந்த குண்டு ஒன்றை எடுப்பது ஆபத்து என்று வைத்தியர்கள் விட்டுவிட, அதைச் சாகும்வரை உடலிற் சுமந்தவர் பேக்கர். பலருக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்த ஆசான். இருவரும் 1934இல் நிறுவனத்தைத் தொடங்கினர்.

எம்.பி.3க்கு 24 சிலிண்டர்கள் கொண்ட நேப்பியர் சேபர் இயந்திரம். 2,000 குதிரைவலுவுக்கு மேற்பட்ட ஆற்றல். ஆனால் அந்நாட்களில் அடிக்கடி பழுதாகும் இயந்திரம் என்ற பெயரும் அதற்கு உண்டு. சிறகுகளில் 20 மில்லிமீற்றர் பீரங்கிகள் ஆறு. 1942 ஆகஸ்ட் 31ஆம் திகதி பேக்கர் அதை முதன்முதலாகப் பறக்கவிட்டார். செப்டெம்பர் 12ஆம் திகதி, பக்கிங்ஹாம்ஷயரிலுள்ள விங் விமானத்தளத்திலிருந்து மேலெழுந்த சிறிது நேரத்தில் இயந்திரம் செயலிழந்தது. தரையிறக்க முயன்றபோது விமானம் மரக்குற்றி ஒன்றில் மோதிச் சிதறியது. பேக்கர் இறந்தார். வயது 54. விமானத்தின் ஆயுள் 12 நாட்கள்.

மீதிக் கதையைப் பலரும் சுருக்கிச் சொல்வதுண்டு. நண்பனை இழந்த துயரத்தில் மார்ட்டின், விமானியைத் தூக்கி வெளியே எறிந்து காப்பாற்றும் இருக்கையைக் கண்டுபிடித்தார் என்பார்கள். உருக்கமான கதைதான். ஆனால் செய்தி ஆசிரியனாக இருந்தவனுக்கு உருக்கமான கதையில் எப்போதும் ஒரு சந்தேகம் எழும். அத்தகைய இருக்கையால் ஜேர்மனிய விமானி ஒருவர் உயிர் தப்பியது பேக்கர் இறந்த அதே 1942இன் ஜனவரியில். பிரித்தானிய அமைச்சு மார்ட்டினை இது குறித்து அணுகியது 1944இல். வேகமான ஜெட் விமானங்களிலிருந்து வெறுங்கையோடு குதிப்பது இயலாதென்று அப்போது தெரிந்துவிட்டது. பேக்கரின் மரணம் மார்ட்டினை விமானிகளின் பாதுகாப்பின் பக்கம் முழுமையாகத் திருப்பியது என்பது மெய். வேலையைக் கையிற் கொடுத்தது போரும் அமைச்சுமே.

இன்னுமொன்று உண்டு. 1946 ஜூலையில் பேர்னார்ட் லின்ச் பறந்துகொண்டிருந்த விமானத்திலிருந்து பரீட்சார்த்தமாக வெளியேறிக் காட்டினார். 1949 மே 30ஆம் திகதி ஜோ லங்காஸ்டர் என்ற விமானி ஆபத்தில் முதன்முதலாக இந்த நிறுவனத்தின் இருக்கையால் உயிர் தப்பினார். ஆனால் அந்த ஆரம்பகால இருக்கைகள் பேக்கரைக் காப்பாற்றியிருக்கமாட்டா. பரசூட் விரிவதற்கு அவருக்கு உயரம் இருக்கவில்லை. தரையில், அசையாத நிலையிலிருந்தும் விமானியைக் காப்பாற்றும் இருக்கையை மனிதரை வைத்துப் பரீட்சித்தது 1961இல்தான். பேக்கரின் கதிக்கு விடை காண ஏறத்தாழ 19 ஆண்டுகள் சென்றன. இன்று அந்நிறுவனத்தின் கணக்கின்படி 7,700க்கும் மேற்பட்ட உயிர்களை அதன் இருக்கைகள் காப்பாற்றியுள்ளன.

சென்ற மாதம் என் மாதிரியுருவில் இருக்கையை ஒட்டவேண்டிய நாள் வந்தது. ஒரு சென்ரிமீற்றர் உயரமும் இல்லாத துண்டு. குறட்டினால் பிடித்து விமானியறைக்குள் இறக்கினேன். சாதாரண இருக்கை அது, இயந்திரம் நின்றால் அமர்ந்திருப்பவர் விமானத்தோடு போகவேண்டியதுதான். வென்ற விமானங்களைக் கட்டுவதில் எனக்கு நாட்டமில்லாமற் போனதன் காரணம் இதில்தான் இருக்கிறது. அவற்றைக் கட்டும்போது சிறகையும் துப்பாக்கியையும் பார்க்கிறோம். உள்ளே இருந்தவனையும் கீழே இருந்தவர்களையும் மறந்துபோகிறோம். தோற்ற விமானம் அப்படி மறக்க விடுவதில்லை. அதைக் கட்ட விளக்கப்படம் தேடினாலே ஒரு மரணச் செய்தியும் கூடவே வந்துவிடுகிறது.

இதை நண்பருக்கு விபரமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, "எங்களுக்கு மேலே ஜெட்டில் வந்தவனும் இப்படியான ஒரு கதிரையில்தானே இருந்திருப்பான்?" என்றார்.

ஆம் என்றேன். மறுக்க வழியில்லை. காப்பாற்றப்பட்ட அந்த ஆயிரக்கணக்கானோரில் குண்டு போட்டுவிட்டுத் திரும்பியவர்களும் இருக்கிறார்கள். நாங்கள் பனங்குற்றி அடுக்கி, மண்மூட்டை போட்டுப் பதுங்கு குழி வெட்டினோம். மேலே இருந்தவனுக்குப் பொறியியலாளர்கள் இருந்தார்கள். இந்தக் கணக்கு எனக்கு இன்றுவரை தீரவில்லை. ஆயினும் பேக்கருக்காக வருந்துவதற்கு அது தடையாக இருக்கவுமில்லை. பரீட்சார்த்தப் பறப்பில் இறந்த அந்த மனிதர் யார் தலையிலும் குண்டு போடப் போனவரல்லர்.

இதே வடிவமைப்பிலிருந்து வந்த எம்.பி.5, 1944 மே மாதம் பறந்தது. மிகச் சிறந்த விமானம் என்று ஓட்டியவர்கள் மெச்சினார்கள். கட்டளை கொடுக்க எவரும் முன்வரவில்லை. அதையும் கட்டலாமென்று மருமகன் சொல்கிறான். முதலில் இதன் அடிப்புறத்துக்கு மஞ்சள் பூசவேண்டும். ஒரு வாரமாக மழை. ஈரக்காற்றில் வர்ணம் வெளிறிப் பனித்துவிடும். வெயில் எறிக்கட்டும் என்று விறாந்தையில் மூடி வைத்திருக்கிறேன்.