டாக்டர் மட்டும்தான் மருத்துவமா?

பிளஸ் டூவில் உயிரியல் எடுத்த பிள்ளையிடம் உறவினர்கள் கேட்கும் முதல் கேள்வி, "நீட் எழுதுறியா?" என்பதுதான். தமிழக அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020-ல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு பலரை எம்.பி.பி.எஸ். வகுப்பில் உட்காரவைத்தது, பெரிய விஷயம். ஆனால், இடம் கிடைக்காதபோது ஆஸ்பத்திரிக் கதவே அடைபட்டதுபோல் வீடுகள் சோர்ந்துபோக வேண்டியதில்லை.

டயாலிசிஸ் வார்டைப் போய்ப் பாருங்கள். நோயாளியின் எடையைக் குறித்து, ஊசி ஏற்றி, சுமார் நான்கு மணி நேரம் ரத்த அழுத்தம் சரிந்துவிடாமல் கூடவே இருப்பவர் டெக்னீஷியன். பக்கவாதம் வந்தவரை மறுபடி நடக்கவைக்கப் பாடுபடுபவர் பிசியோதெரபிஸ்ட். தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் பிசியோதெரபிஸ்ட்டை நோயாளியின் வீட்டுக்கே அனுப்புகிறது.

இப்படி மருத்துவம் சார்ந்த துறைகளுக்கான தேசிய ஆணையச் சட்டம் 2021-லேயே வந்துவிட்டது. இந்த வேலைகளை நேரில் பார்க்க, ஒன்பதாம் வகுப்பிலேயே பிள்ளைகளை அரசு மருத்துவமனை ஆய்வகத்துக்கும் மருந்தகத்துக்கும் பள்ளிகள் அழைத்துப்போகட்டும்.