மண்டைக்குள் காற்று

'உன் மண்டைக்குள்ள மூளையா இருக்கு? வெறும் காத்துடா!' என்பார் எங்கள் கணக்கு வாத்தியார். திட்டு என்றே நினைத்திருந்தேன். போன வருஷம் நண்பன் ஒருவன் ஹெல்மெட் இல்லாமல் பைக்கிலிருந்து விழுந்தபோதுதான் தெரிந்தது, நிஜமாகவே அப்படி ஒரு வியாதி உண்டு. பெயர் நியூமோசெஃபாலஸ்.

மூக்குக்கு மேலே மண்டையோட்டில் விரிசல் விட்டால் காற்று உள்ளே நுழைந்துவிடும். 1913-லேயே நியூயார்க் டாக்டர் லக்கெட் இதை எக்ஸ்ரேயில் பார்த்து எழுதிவிட்டார். 1918-ல் பால்டிமோரில் வால்டர் டாண்டி ஒருபடி மேலே போய், மூளையின் உள்ளறைகள் எக்ஸ்ரேயில் தெரிவதற்காக வேண்டுமென்றே காற்றை ஏற்றினார்! 1971-ல் சி.டி. ஸ்கேன் வந்துதான் அந்த அவஸ்தைக்கு விமோசனம்.

கொஞ்சம் காற்று என்றால் தானே கரைந்துவிடும். நிறைய சேர்ந்து மூளையை நசுக்கினால் துளை போட்டு எடுப்பார்கள். சில இடங்களில் இன்னொரு வழியும் உண்டு. பெரிய உருளைக்குள் படுக்கவைத்து, அழுத்தத்தை 2.5 மடங்கு ஏற்றி, சுத்த ஆக்ஸிஜன் கொடுப்பது. பள்ளிக்கூடத்து பாயில் விதிப்படி 10 மில்லி காற்று 4 மில்லியாகச் சுருங்கும்.

நான் பி.காம். சந்தேகம் வராமல் இருக்குமா? வெளியே வந்ததும் 4 மறுபடி 10 ஆகிவிடாதா?

அதோடு விட்டால் ஆகும்! சுருங்கியது வெறும் பேப்பர் லாபம். ரொக்க லாபம் வேறு. காற்றில் 78 சதவிகிதம் நைட்ரஜன். சாதாரணக் காற்றை சுவாசிக்கும்வரை ரத்தத்திலும் நைட்ரஜன் இருக்கும். ஏற்கெனவே லோடு ஏற்றிய லாரி. சுத்த ஆக்ஸிஜன் இழுத்தால் லாரி காலி. மண்டையில் தேங்கிய நைட்ரஜன் அதில் ஏறி நுரையீரல் வழியாக வெளியே போய்விடும். அழுத்தமும் சேர்ந்தால் சீக்கிரம் போகும். வார்டில் மாஸ்க் மாட்டி ஆக்ஸிஜன் கொடுப்பதும் இதே கணக்குதான்.

ஒரு நிபந்தனை. விரிசல் அடைபட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அழுத்தம் ஏறும்போது புதுக்காற்று புகுந்து, இறங்கும்போது வீங்கி, ஆபத்தாகிவிடும்.

நண்பனுக்கு மாஸ்க்கே போதுமானது. ஆனால் டெல்லியில் இன்டர்வியூ. கையில் ப்ளேன் டிக்கெட். டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: 'மூக்கைச் சிந்தாதே, ப்ளேன் ஏறாதே.' மேலே அழுத்தம் குறையும். 10 மில்லி 13 ஆகும். மண்டையோடு பலூனா, கூடவே விரிய?

முனகிக்கொண்டே ரயிலில் போனான். திரும்பி வந்ததும், 'கேட்ட எதுக்கும் பதில் தெரியலடா. மண்டை காலி!' என்றான்.

மறுநாள் ஸ்கேன் ரிப்போர்ட்டும் அதையேதான் சொன்னது. காற்று துளிகூட இல்லை. ஸ்வீட் வாங்கிக் கொடுத்தோம்.