முத்திரையில்லாத் தராசு

காய்கறிக் கடைக்காரனுடைய தராசில் சர்க்கார் முத்திரை இல்லையென்றால் அவன் தண்டனைக்குரியவனாகிறான். 2009-ம் வருஷத்திய சட்டமுறை அளவைச் சட்டம் அவ்வளவு கண்டிப்பானது. அரைக் கிலோ கத்தரிக்காய் விஷயத்தில் இவ்வளவு ஜாக்கிரதை காட்டும் நாம், மனிதருடைய ரத்தத்தை அளக்கும் கருவி விஷயத்தில் எவ்வளவு ஜாக்கிரதை காட்டுகிறோம்?

இந்தியாவில் நீரிழிவு நோயாளிகளின் தொகை சுமார் 10 கோடி என்று, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நடந்த கணக்கெடுப்பின் முடிவு 2023-ம் வருஷத்தில் வெளியாயிற்று. இவர்களில் அநேகர் வீட்டிலேயே விரலைக் குத்தி, குளுக்கோமீட்டர் காட்டும் எண்ணைப் பார்த்து, அன்றைய இன்சுலினைக் கூட்டியோ குறைத்தோ போட்டுக் கொள்கிறார்கள். அந்த எண் பொய்யானால், அதைத் தொடர்ந்து வரும் ஊசியும் பொய்க் கணக்கின்மேல் போட்டதாகவே முடியும்.

அந்த எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம்? 2013-ல் வகுக்கப்பட்ட சர்வதேசத் தர விதியின்படி, டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராமுக்குக் குறைந்த அளவில் 15 மில்லிகிராமும், அதற்கு மேற்பட்ட அளவில் நூற்றுக்கு 15 வீதமும் கூடவோ குறையவோ இருக்கலாம். நூறு அளவைகளில் தொண்ணூற்றைந்து இந்த எல்லைக்குள் அடங்கினால் போதுமானது. அதாவது, உண்மையான அளவு 200 ஆனால் கருவி 170 என்றும் சொல்லலாம், 230 என்றும் சொல்லலாம். இரண்டும் விதிக்கு உட்பட்டவையே. 200-ல் இந்த வித்தியாசம் பெரும் கேடு செய்யாது. ஆனால் உண்மை அளவு 60 ஆக இருக்கும்போது கருவி 75 என்று காட்டினால், படுக்கைக்குச் செல்லும் நோயாளி அபாயமில்லை என்று நிம்மதியாய்க் கண்ணயர்கிறார். மீதி ஐந்து அளவைகள் எவ்வளவு விலகலாம் என்பதிலும் அந்த விதி தாராளமாகவே இருக்கிறது. இத்தகைய சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யாமல் விடும் வக்கீல் எவரும் இரார்.

விதி இவ்வளவு தளர்ந்திருந்தும், எல்லாக் கருவிகளும் அதற்குள் அடங்குகின்றனவா? அமெரிக்காவில் நீரிழிவுத் தொழில் நுட்பச் சங்கத்தார், அந்நாட்டு சர்க்காரின் அனுமதி பெற்று விற்பனையாகிக் கொண்டிருந்த 18 கருவிகளைக் கடைகளில் வாங்கிப் பரீட்சித்து, 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். அவர்கள் வகுத்த பரீட்சையில் தேறியவை ஆறே. அனுமதி வேறு, நாள்தோறும் கடையில் கிடைக்கும் சரக்கின் யோக்கியதை வேறு என்பதற்கு இதைவிட வேறு சாட்சியம் வேண்டுவதில்லை.

நமது தேசத்துக்குப் பிரத்தியேகமான ஓர் அபாயமும் உண்டு. ரத்தத்தில் சிவப்பணுக்கள் குறைந்திருந்தால், பெரும்பாலான கருவிகள் சர்க்கரையை உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். 2019 முதல் 2021 வரை நடந்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயதுவரையுள்ள இந்திய ஸ்திரீகளில் நூற்றுக்கு 57 பேர் ரத்த சோகையுடையவர்கள். சோகை பிடித்த ஒரு ஸ்திரீயின் சர்க்கரை மிகுதியென்று கருவி பொய் சொல்ல, அவள் இன்சுலினைக் கூட்டிப் போட்டுக் கொண்டால், அதன் விளைவு மயக்கம். மேல்நாட்டில் ரத்தம் நிறைந்தவர்களிடம் பரீட்சித்த கருவியை இங்கே கேள்வியின்றி ஏற்பது விவேகமாகாது.

சில பிழைகள் நம் கையிலேயே இருக்கின்றன. மாம்பழம் உரித்த விரலைக் கழுவாமல் குத்தினால் பழத்தின் சர்க்கரையும் கணக்கில் சேர்ந்துவிடும். சோதனைப் பட்டைகளின் டப்பாவை மூடாது வைத்தால் ஈரக் காற்றில் அவை கெடும். இவற்றைப் போதிப்பது வைத்தியர்களுக்குச் சிரமமன்று.

ஆனால் வியாபாரிகளின் பேராசைக்கு நோயாளி என்ன செய்வார்? தோலைத் துளைக்காமலே சர்க்கரையை அளக்கிறோம் என்று கைக்கடிகாரங்களும் மோதிரங்களும் விற்பனைக்கு வந்துவிட்டன. அவ்வாறு தானாக அளக்கும் கடிகாரம், மோதிரம் எதற்கும் தாம் அனுமதி அளித்ததில்லை என்று அமெரிக்க உணவு மருந்து அதிகாரிகள் 2024 பிப்ரவரியில் பகிரங்கமாக எச்சரித்தனர்.

இந்திய சர்க்கார் 2018-ம் வருஷக் கடைசியில் அறிவிப்பு வெளியிட்டு, குளுக்கோமீட்டரை மருந்துச் சட்டத்துக்கு உட்படுத்தியது மெச்சத்தக்கதே. லைசென்ஸ் கொடுத்ததோடு கடமை தீர்ந்தது என்று அதிகாரிகள் கருதலாகாது. வருஷந்தோறும் கடைகளிலிருந்து, தயாரிப்பாளருக்குத் தெரியாமல், கருவிகளையும் பட்டைகளையும் விலைக்கு வாங்கிச் சோதிக்க வேண்டும். சோகையுள்ளவர்களுடைய ரத்தத்தைக் கொண்டும், சென்னையின் சித்திரை வெயிலில் கிடந்த பட்டைகளைக் கொண்டும் அச்சோதனை நடக்க வேண்டும். எந்தக் கம்பெனியின் கருவி தேறியது, எது தவறியது என்பதைப் பெயரோடு தமிழிலும் மற்றைத் தேச பாஷைகளிலும் பிரசுரிக்க வேண்டும். இதற்கு ஆகும் செலவைக் கம்பெனிகளிடமே லைசென்ஸ் கட்டணமாக வசூலிப்பதற்குச் சட்டத்தில் இடம் செய்து கொள்ளலாம்.