சளி மருந்துப் புட்டியும் சர்க்காரின் பொறுப்பும்

மழைக்காலம் பிறந்துவிட்டால் கும்மிடிப்பூண்டி சிப்காட் வட்டாரத்து மருந்துக் கடைகளுக்கு நல்ல வியாபாரம். ஜலதோஷம், தும்மல், மூக்கடைப்பு, இருமல் என்று வந்தால் டாக்டரிடம் போய்க் காத்து நிற்க ஒரு காண்டிராக்ட் தொழிலாளிக்கு நேரம் ஏது? ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் ஒரு நாள் கூலி போயிற்று. ஆகவே ஷிப்டுக்குப் போகும் வழியில் கடையில் நின்று, "அண்ணே, சளிக்கு நாலு மாத்திரை கொடுங்க" என்கிறார். கடைக்காரர் அட்டையைக் கத்தரித்துக் கொடுக்கிறார். மருந்தின் பெயர் அச்சிட்ட பாகம் பெரும்பாலும் கடையிலேயே தங்கிவிடுகிறது. வீட்டில் குழந்தை இருமினால் ஒரு சிரப் புட்டி. மாத்திரையில் என்ன இருக்கிறது, சிரப்பில் என்ன கலந்திருக்கிறது என்று கேட்பாரும் இல்லை, சொல்வாரும் இல்லை.

இது அற்ப விஷயம் என்று எண்ணுவோர் மத்தியப் பிரதேசத்துக்குப் போய்ப் பார்க்கட்டும். சிந்துவாரா ஜில்லாவில் பராசியா என்று ஓர் ஊர். நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த பிரதேசம். 2025 செப்டம்பரில் அங்கே சாதாரண சளி, காய்ச்சல் என்று வைத்தியத்துக்குக் கொண்டுபோன குழந்தைகளுக்குத் திடீரென்று சிறுநீர் நின்றது. நாகபுரி ஆஸ்பத்திரிகள் வரை தூக்கிக்கொண்டு ஓடினார்கள் பெற்றோர்கள். சிறுநீரகம் கெட்டு, ஒன்றன்பின் ஒன்றாக இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் மாண்டன. பெரும்பாலான குழந்தைகளுக்கு ஐந்து வயதுகூட நிறையவில்லை.

அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட சிரப்பின் பெயர் கோல்ட்ரிப். தயாரித்த இடம் நம் பக்கத்து ஜில்லாவான காஞ்சிபுரத்தில், சுங்குவார்சத்திரத்தில் இருந்த ஸ்ரீசன் என்ற மருந்துக் கம்பெனி. புட்டியில் எழுதியிருந்தது மூன்று மருந்துகள்: பாராசிட்டமால், குளோர்பெனிரமின், பினைல்எப்ரின். எழுதாமல் உள்ளே இருந்தது நான்காவது ஒன்று: டைஎத்திலீன் கிளைக்கால். பெயிண்டு, பிரேக் ஆயில் போன்ற தொழில்களில் புழங்கும் ரசாயனம். மருந்தில் இது 0.1 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. எஸ்.ஆர்.13 என்ற தொகுதியைச் சேர்ந்த அந்தச் சிரப்பில் இருந்ததோ 48.6 சதவீதம்! மருந்தில் பாதி விஷம் என்றே சொல்லிவிடலாம்.

இது எப்படி உள்ளே வந்தது? சிரப்பில் மருந்தைக் கரைக்க புரோப்பிலீன் கிளைக்கால் என்ற திரவத்தைச் சேர்க்கிறார்கள். மருந்துத் தரத்தில் உள்ளதற்கு விலை அதிகம். தொழிற்சாலைத் தரத்தில் உள்ளதற்கு விலை குறைவு. மலிவுச் சரக்கில் இந்த விஷம் கலந்து வரும். இது உலகறிந்த சங்கதி. ஆகவேதான் ஒவ்வொரு பீப்பாயையும், தயாரான ஒவ்வொரு தொகுதியையும் சோதித்த பிறகே வெளியே அனுப்ப வேண்டுமென்று சட்டம் சொல்கிறது. அந்தச் சோதனைக்கு ஆகும் செலவு, பிள்ளைகளின் உயிருக்கு முன்னால் செல்லாக் காசு. லாபக் கணக்கில் மட்டும் அது பெரிய தொகையாகத் தெரிகிறது போலும்.

புதிய விபத்தா இது? 1937-இல் அமெரிக்காவில் இதே விஷம் கலந்த மருந்தால் நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அடுத்த ஆண்டே அங்கு கடுமையான மருந்துச் சட்டம் வந்தது. நம் நாட்டில் 1972-இல் சென்னையில் ஒரு டஜனுக்கும் அதிகமான குழந்தைகள். 1986-இல் பம்பாய் ஜே.ஜே. ஆஸ்பத்திரியில் 14 நோயாளிகள். 1998-இல் டில்லியை அடுத்த குர்காவில் 33 குழந்தைகள். 2020-இல் ஜம்முவில் ராம்நகர் குழந்தைகள். 2022-இல் இங்கிருந்து ஏற்றுமதியான சிரப்புகளைக் குடித்து ஆப்பிரிக்காவின் காம்பியாவில் சுமார் 70 குழந்தைகள் மடிந்தன. ஒவ்வொரு முறையும் விசாரணை, அறிக்கை, கைது. பிறகு அடுத்த சாவு வரையில் மௌனம்.

சர்க்கார் இயந்திரத்தின் யோக்கியதையையும் இந்தச் சம்பவம் காட்டிவிட்டது. அக்டோபர் 3 அன்று மத்திய சுகாதார அமைச்சகம், தான் சோதித்த மாதிரிகளில் விஷம் இல்லை என்று அறிவித்தது. தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையினரோ, மத்தியப் பிரதேசத்திலிருந்து தகவல் வந்ததும் ஆயுத பூஜை விடுமுறை நாட்களிலேயே ஆலைக்குள் புகுந்து, மாதிரி எடுத்து, விஷத்தைக் கண்டுபிடித்து விற்பனையையும் தடுத்தார்கள். அந்த ஊழியர்களின் உழைப்பை நாம் பாராட்டுகிறோம். ஆனால் ஒன்று கேட்கிறோம். இரண்டு நாளில் கண்டுபிடிக்கக்கூடிய குற்றத்தை ஆண்டுக்கணக்கில் ஏன் கண்டுபிடிக்கவில்லை? அந்தக் கம்பெனிக்கு 2011-இலேயே லைசென்ஸ் கொடுத்தாயிற்று. 2025 அக்டோபரில் உள்ளே போய்ப் பார்த்தபோது முந்நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட விதிமீறல்கள் இருந்தனவாம். ஒரே இரவில் முளைத்தவையா இத்தனையும்? இரண்டு ஆண்டுகளாக ஆய்வு செய்யவில்லை என்று இரண்டு மூத்த ஆய்வாளர்களைத் தற்காலிக வேலைநீக்கம் செய்தார்கள். அக்டோபர் 9 அன்று முதலாளி கைதானார். அக்டோபர் 13 அன்று லைசென்ஸ் ரத்தாயிற்று. குழந்தைகள் புதைக்கப்பட்ட பிறகு!

அதே சுங்குவார்சத்திரத்தில்தான் 2024 செப்டம்பர் 9 முதல் சாம்சங் தொழிலாளர்கள் சங்கம் வைக்கும் உரிமைக்காக 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுடைய பந்தலைப் பிரித்துப் போட போலீஸ் வந்தது. கைது செய்ய வேன்கள் வந்தன. தொழிலாளியின் பந்தலுக்கு இவ்வளவு பேரை அனுப்ப முடிந்த சர்க்காரால், அதே ஊரில் இருந்த மருந்து ஆலைக்கு வருஷத்துக்கு ஒரு ஆய்வாளரை அனுப்ப முடியவில்லை.

மத்திய சர்க்கார் செய்ததையும் சொல்ல வேண்டும். 2023-இல் ஜன் விஸ்வாஸ், அதாவது மக்கள் நம்பிக்கை என்று அழகாகப் பெயரிட்ட சட்டத்தின் மூலம், தரக்குறைவான மருந்து தயாரித்த குற்றங்களில் ஒரு பகுதியைப் பணம் கட்டிச் சமரசமாகத் தீர்த்துக்கொள்ள வழி திறந்துவிட்டார்கள். உயிரைப் பறிக்கும் கலப்படத்துக்கு இது பொருந்தாது என்று சமாதானம் சொல்வார்கள். சிறிய குற்றத்துக்குக் காசு கட்டித் தப்பிப் பழகிய முதலாளி பெரிய குற்றத்துக்கு அஞ்சுவானா என்பதுதான் நம் கேள்வி.

விஷம் கலக்காத புட்டியானால் பயமில்லை என்று நினைப்பதும் தவறு. ஒரே மாத்திரையில் மூன்று நான்கு மருந்துகளைச் சேர்த்துவிடும் இந்தக் கூட்டு மருந்துகளைப் பற்றித் தொழிலாளர் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்கள் சில உண்டு.

ஜலதோஷத்தைக் குணப்படுத்தும் மாத்திரை உலகத்தில் இல்லை. அது கிருமியால் வந்து, பெரும்பாலோருக்கு ஒரு வாரம் பத்து நாளில் தானே போய்விடுவது. மாத்திரை செய்வதெல்லாம் உபத்திரவத்தைக் கொஞ்சம் மட்டுப்படுத்துவதுதான். பாராசிட்டமால் காய்ச்சலையும் வலியையும் தணிக்கும். குளோர்பெனிரமின் தும்மலையும் மூக்கொழுகலையும் குறைக்கும். கூடவே தூக்கத்தைக் கொண்டுவரும். பினைல்எப்ரின் மூக்கடைப்புக்கு என்று சேர்க்கப்படுவது. ரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடியது. வாய்வழியாகச் சாப்பிட்டால் அது மூக்கடைப்பை நீக்குவதில்லை என்று 2023 செப்டம்பரில் அமெரிக்க சர்க்காரின் நிபுணர் குழு ஏகமனதாகக் கூறிவிட்டது. பயனில்லாததற்கும் சேர்த்தே நாம் காசு கொடுக்கிறோம்.

முதல் ஆபத்து, ஒரே மருந்தை இரண்டு பெயரில் விழுங்குவது. பல சளி மாத்திரைகளில் 500 மில்லிகிராம் பாராசிட்டமால் இருக்கிறது. அதை நாளுக்கு நான்கு வேளை போட்டுக்கொண்டு, உடம்பு வலிக்கிறது என்று 650 மில்லிகிராம் காய்ச்சல் மாத்திரையையும் நான்கு வேளை போட்டால், மொத்தம் 4,600 மில்லிகிராம். ஆரோக்கியமான பெரியவருக்கே ஒரு நாளைக்கு 4,000-க்கு மேல் கூடாது. மிஞ்சினால் ஈரல் கெடும். குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கு அந்த அளவே அதிகம். ஆகவே சளி மாத்திரை சாப்பிடும் நாளில் தனியாகக் காய்ச்சல் மாத்திரை வேண்டாம். எதை வாங்கினாலும் பெயரும் தேதியும் உள்ள அட்டையைக் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் உரிமை.

இரண்டாவது, தூக்கம். கும்மிடிப்பூண்டியிலும் காக்களூரிலும் இரவு ஷிப்டில் உலைக்கு முன்னால் நிற்பவர், கிரேன் ஓட்டுபவர், பிரஸ் மிஷினில் கை வைப்பவர், ஜி.என்.டி. சாலையில் லாரி ஓட்டுபவர் ஆகியோர் இந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகக் கூடாது. ஒரு கண நேரம் கண் செருகினால் விரல் போகும், உயிரும் போகும். அப்புறம் விபத்து அறிக்கையில் "தொழிலாளியின் கவனக்குறைவு" என்று எழுதுவார்கள். காய்ச்சலோடு அவரை வேலைக்கு வரவைத்தது யார் என்று எந்தப் பத்தியிலும் எழுதமாட்டார்கள். ஒவ்வாமைக்குத் தூக்கம் குறைவாக வரும் தனி மருந்துகள் உண்டு. அவையும் சிலருக்குத் தூக்கம் தரும். டாக்டரிடம், "நான் மிஷினில் வேலை செய்கிறேன்" என்று முதலில் சொல்லுங்கள். ரத்த அழுத்தம், இருதய நோய், கண் நீர் அழுத்தம், சிறுநீர் அடைப்பு உள்ள முதியவர்களும் கர்ப்பிணிகளும் கடையில் கேட்டு வாங்கவே கூடாது.

குழந்தைகள் விஷயத்தில் இன்னும் கண்டிப்பு வேண்டும். குளோர்பெனிரமினும் பினைல்எப்ரினும் சேர்ந்த மருந்தை நான்கு வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியே உத்தரவிட்டார். 2025 அக்டோபர் 3 அன்று மத்திய சுகாதாரச் சேவை இயக்குநரகம், இரண்டு வயதுக்குள் இருமல், சளி மருந்து எதுவும் எழுதக் கூடாது, ஐந்து வயதுக்குள் பொதுவாகவே தேவையில்லை என்றது. இந்த உத்தரவுகள் பராசியாவுக்குப் போய்ச் சேரவில்லை. நம் ஊர் மருந்துக் கடைக்கு வந்து சேர்ந்தனவா? அங்கே ஒரு அறிவிப்புப் பலகையாவது தொங்குகிறதா? புட்டியின் எச்சரிக்கை பொடி எழுத்தில், இங்கிலீஷில் இருக்கிறது. தமிழ்த் தாய்க்கே புரியாததை, ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து தகரக் கொட்டகையில் குடியிருக்கும் தாய் எப்படிப் படிப்பாள்?

தாய்மார்களுக்குச் சொல்கிறோம். பிள்ளைக்குச் சளி என்றால் தாய்ப்பாலும் வெதுவெதுப்பான நீராகாரமும் அடிக்கடி கொடுங்கள். மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு போதும். ஒரு வயதுக்குள் தேன் வேண்டாம். பெரிய பிள்ளைக்கு எழுதிய மருந்தைச் சின்னதற்குக் கொடுக்காதீர்கள். டாக்டர் எழுதிய மருந்தை வீட்டுக் கரண்டியால் அளக்காமல், புட்டியோடு வரும் அளவு மூடியால் அளந்து கொடுங்கள். மூச்சு வேகமாக வாங்கினாலோ, நெஞ்சு உள்ளே குழிந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, ஆறு மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் போகாவிட்டாலோ ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். கொடுத்த மருந்துப் புட்டியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

இன்னொரு விஷயமும் இந்த வட்டாரத்துக்கே உரியது. இங்கே வருஷம் முழுவதும் தும்முகிறவர்களும் இருமுகிறவர்களும் ஏராளம். உருக்கு ஆலைத் தூசியையும் புகையையும் எட்டு மணி, பன்னிரண்டு மணி நேரம் சுவாசிப்பவருக்கு வருவது ஜலதோஷமாகத்தான் இருக்க வேண்டுமா? தூசியை, அது கிளம்பும் இடத்திலேயே உறிஞ்சி வெளியேற்ற வேண்டுமென்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு கூறியது. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டம் புதிய தொகுப்புச் சட்டத்துக்குள் கரைக்கப்பட்டது. மின்சாரத்தில் ஓடும் பட்டறையைத் தொழிற்சாலை என்று கருத 10 பேர் போதும் என்றிருந்ததை 20 ஆக்கிவிட்டார்கள். சின்னப் பட்டறைத் தொழிலாளியின் நெஞ்சுக்கு இனி எந்தப் பிரிவு காவல்? உறிஞ்சு விசிறி வைக்க முதலாளி செலவழிக்காத பணத்தை, மாத்திரைக்குத் தொழிலாளி செலவழிக்கிறார். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நிற்காதவர்கள் மாத்திரையை நிறுத்திவிட்டு அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகச் சளிப் பரிசோதனை செய்துகொள்ளட்டும். காசநோயோ, நுரையீரலில் தூசி படியும் நோயோ ஆரம்பத்தில் தெரிந்தால் பிழைக்க வழியுண்டு.

நாட்டு மக்களுக்குத் தேவையான மருந்து நூற்றுச் சொச்சந்தான் என்றும், கம்பெனிப் பெயர்களைப் படிப்படியாக ஒழித்து மருந்தின் பெயரிலேயே விற்க வேண்டுமென்றும் ஹாத்தி கமிட்டி 1975-இலேயே சொன்னது. சோவியத் உதவியுடன் 1961-இல் தொடங்கப்பட்ட ஐ.டி.பி.எல். போன்ற பொதுத்துறை ஆலைகளை வளர்த்திருந்தால் இன்று தெருவுக்குத் தெரு சிரப் காய்ச்சும் கம்பெனிகளை நம்பி நிற்க வேண்டியிருக்காது. அவற்றைப் பட்டினி போட்டு மூடினார்கள். கூட்டு மருந்துகளில் 156-ஐ 2024 ஆகஸ்டில் சர்க்கார் தடை செய்தது. ஆண்டுக்கணக்கில் அவற்றை விற்க அனுமதித்ததும் சர்க்கார்தான்.

நமது கோரிக்கைகள் இவை: மருந்து ஆய்வாளர் பதவிக் காலியிடங்களை உடனே நிரப்ப வேண்டும். திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு ஜில்லாக்களின் ஒவ்வொரு மருந்து ஆலையையும் எந்தத் தேதியில் ஆய்வு செய்தார்கள், என்ன கண்டார்கள் என்பதைப் பகிரங்கமாக வெளியிட வேண்டும். சர்க்கார் ஆஸ்பத்திரிகளுக்குத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வாங்கும் மருந்து சோதனைக்குப் பிறகே விநியோகமாகிறது. கடையில் விற்கும் குழந்தை சிரப்புக்கும் அதே முறை வேண்டும். எச்சரிக்கை தமிழிலும் இந்தியிலும் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். காண்டிராக்ட் தொழிலாளிக்கும் சம்பளத்துடன் நோய் விடுப்பு, ஈ.எஸ்.ஐ. அட்டை இரண்டும் கிடைக்க வேண்டும். மாண்ட குழந்தைகளின் குடும்பங்களுக்குக் கம்பெனியின் சொத்திலிருந்து நஷ்டஈடு வசூலித்துக் கொடுக்க வேண்டும்.

சங்கக் கிளைகள் அடுத்த வாயிற் கூட்டங்களில் இதைப் பேச வேண்டும். வடநாட்டுத் தொழிலாளர் குடியிருப்புகளில் இந்தியிலும் ஒடியாவிலும் சொல்ல ஆள் ஏற்பாடு செய்ய வேண்டும். சந்தேகத்துக்குரிய மருந்து கையில் இருந்தால் கொட்டிவிட வேண்டாம். புட்டி, பில், தொகுதி எண் மூன்றையும் பத்திரப்படுத்தி, 104 என்ற எண்ணுக்குத் தெரிவித்துவிட்டு, ஜில்லா மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள்.