65, 96, 64

ஜொகூர் மாநிலத்தில் பதினோரு ஆண்டுகள் அரசாங்க அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் வெள்ளியும் சனியும்தான் விடுமுறை. 2014 ஜனவரி 1-இல் வந்த அந்த முறை, 2025 ஜனவரி 1 முதல் மறுபடியும் சனி, ஞாயிறு என்றானது. நிரல் எழுதும் நம் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஏழு நாளையும் ஒரே எண்ணில் அடக்கலாம். வரிசையாக ஏழு சுவிட்சுகள் இருப்பதாக வையுங்கள். ஞாயிறு 1, திங்கள் 2, செவ்வாய் 4, புதன் 8, வியாழன் 16, வெள்ளி 32, சனி 64. ஒவ்வொன்றும் முந்தியதன் இரட்டிப்பு என்பதால், ஒரு சேர்க்கையின் தொகை இன்னொன்றுக்கு வராது. சனி, ஞாயிறு 65. வெள்ளி, சனி 96. எனம் (enum) எனும் பெயர்ப் பட்டியலில் இப்படி மதிப்புக் கொடுப்பதுதான் பிட் ஃபிளாக். விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரும் நாள்களை இதே எண்களால்தான் குறிக்கிறது. 1, 2, 3 என்று எழுதினால் கெட்டது. ஞாயிறும் திங்களும் சேர்ந்து செவ்வாய் ஆகிவிடும். சி ஷார்ப்பில் ஃபிளாக்ஸ் என்று மேலே குறித்தாலும் மதிப்புகளை நாம்தான் எழுத வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை: நாளைச் சேர்க்கக் கூட்டல் போடாதீர்கள், 'ஆர்' (OR) போடுங்கள். 96-இல் ஏற்கெனவே வெள்ளி இருக்கிறது. மறுபடி 32-ஐக் கூட்டினால் 128 வரும். அப்படி ஒரு நாளே இல்லை. 'ஆர்' போட்டால் 96 அப்படியே நிற்கும்.

என் மனத்தைத் தைப்பது இரண்டு எண்ணுக்கும் பொதுவான நாளைத் தரும் 'அண்ட்' (AND) கணக்குதான். சிங்கப்பூரில் வேலை பார்த்து, சனி, ஞாயிறு விடுமுறை பெறும் அப்பாவுக்கு 65. ஜொகூர் பாருவில் தமிழ்ப்பள்ளிக்குப் போன மகளுக்கு அன்று 96. இரண்டுக்கும் பொதுவானது 64, சனிக்கிழமை மட்டும். ஞாயிறு காலை அப்பா வீட்டில் இருப்பார், மகள் சீருடை போட்டுக் கிளம்புவாள். பாலம் தாண்டிச் சிங்கப்பூரில் உழைக்கும் குடும்பங்களுக்கு இது சின்ன இழப்பல்ல. 2025-இல் அந்த ஞாயிறு திரும்பக் கிடைத்ததை நான் மனமார வரவேற்கிறேன்.

அதனால் தம்பி, தங்கைகளே, சம்பளக் கணக்கோ விடுப்புக் கணக்கோ எழுதும்போது 65-ஐ நிரலுக்குள் புதைக்காதீர்கள். மாநிலத்துக்கு ஓர் எண், அது எந்தத் தேதியிலிருந்து செல்லும் என்று தனியே பதிந்து வையுங்கள். ஜொகூர் அரசு ஊழியரின் 2019-ஆம் ஆண்டு விடுப்பை இன்றைய எண்ணால் கணக்கிட்டால் தப்பாகத்தான் வரும். கெடாவும் கிளந்தானும் திரெங்கானுவும் 2025-இலும் 96-இல்தான் இருந்தன.